டாரட் சீட்டில் பறவை: எங்கே பார்ப்பது, எப்படிப் படிப்பது

கிளி ஜோசியத்தில் கிளி வெளியே வந்து சீட்டை எடுக்கும், சீட்டுக்குள் சாமி படம் இருக்கும். மேல்நாட்டுப் படச்சீட்டு ஜோசியமான டாரட்டில் சீட்டை எடுப்பது கேட்க வந்தவரின் கை. பறவை படத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. இந்த இடமாற்றம் சின்ன விஷயம்போலத் தெரியும். ஆனால் ராமநாதபுரம் கரையில் டாரட் பழகத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் சறுக்குகிறார்கள். காக்கை கரைந்தால் விருந்து, ஆந்தை அலறினால் ஆகாது, செம்போத்து குறுக்கே போனால் நல்லது என்று சின்ன வயதிலிருந்தே நமக்குப் பறவை பலன் தெரியும். படத்தில் ஏதோ ஒரு பறவை கண்ணில் பட்டதும் அந்தப் பலனை அப்படியே தூக்கி வைத்துவிடுகிறோம்.

அந்தப் பலன்களை மறக்க வேண்டாம், தனியாக வைத்துக்கொண்டால் போதும். ஓவியர் என்ன நினைத்து வரைந்தார் என்பது படக் கணக்கு. பார்க்கிறவருக்கு அந்தப் பறவை என்னவாகத் தோன்றுகிறது என்பது ஊர்க் கணக்கு. முதலில் படக் கணக்கை முடியுங்கள். ஊர்க் கணக்கை அதன் பிறகு திறக்கலாம். இந்த வழிகாட்டி முழுக்க அந்த வரிசையில்தான் போகிறது.

கட்டைத் தேர்ந்தெடுப்பது

பழகுவதற்கு ரைடர்-வெயிட் கட்டு போதும். 1909-இல் லண்டனில் வில்லியம் ரைடர் அண்ட் சன் நிறுவனம் வெளியிட்டது. திட்டம் ஆர்தர் எட்வர்ட் வெயிட்டுடையது, 78 படங்களையும் வரைந்தவர் பமீலா கோல்மன் ஸ்மித். 22 பெரிய சீட்டு (மேஜர் ஆர்க்கானா), 56 சின்ன சீட்டு (மைனர் ஆர்க்கானா). சின்ன சீட்டு நான்கு வகை: கிண்ணம் (கப்ஸ்), காசு (பென்டக்கிள்ஸ்), வாள் (ஸ்வார்ட்ஸ்), கோல் (வாண்ட்ஸ்). சின்ன சீட்டிலும் முழுக் காட்சி வரைந்திருப்பதால் பறவையைச் சூழலோடு பார்க்க முடிகிறது.

சட்டைப் பையில் அடங்குகிற குட்டிக் கட்டை இந்தப் பாடத்துக்கு வாங்காதீர்கள். வாள் சீட்டுகளில் வானத்தில் இருக்கும் பறவைகள் சாதாரண அளவிலேயே பேனா கீறல் அளவுதான். குட்டிக் கட்டில் அவை அச்சுப் புள்ளிபோலத் தெரியும், மட்டமான நகல் அச்சில் காணாமலே போகும். ஓரம் வெட்டிய கட்டுகளில் மூலையில் இருக்கும் கழுகின் தலை பாதி போய்விடும். கையகலச் சீட்டும் பத்து மடங்கு பெரிதாக்கும் நகைக்கடை லென்ஸும் இருந்தால் சரி. லென்ஸ் இல்லையென்றால் போனில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள்.

நம் கரைக்கென்று ஒரு தனித் தொல்லை உண்டு. உப்புக்காற்றிலும் மழைக்கால ஈரத்திலும் சீட்டு ஊறி வளையும், ஒன்றோடொன்று ஒட்டும். பிரித்து இழுக்கும்போது முதலில் உரிவது வான நீலம், அதோடு பறவையும் போகும். இறுக்கமாக மூடும் எவர்சில்வர் டப்பாவில், புதுச் செருப்புப் பெட்டியில் வரும் ஈரமுறிஞ்சிப் பொட்டலம் இரண்டைப் போட்டு வையுங்கள்.

ஒன்பது சீட்டைத் தனியே எடுங்கள்

78-இல் பறவை இருக்கும் முக்கியமான சீட்டுகள் ஒன்பது. பெரிய சீட்டில் மூன்று: வீல் ஆஃப் ஃபார்ச்சூன், ஸ்டார், வேர்ல்டு. சின்ன சீட்டில் ஏஸ் ஆஃப் கப்ஸ், நைன் ஆஃப் பென்டக்கிள்ஸ், அப்புறம் வாள் வகையின் பேஜ் (சிறுவன்), நைட் (குதிரைவீரன்), குவீன் (ராணி), கிங் (ராஜா). இந்த ஒன்பதையும் தரையில் வரிசையாகப் பரப்புங்கள்.

சிறகு இருந்தாலும் பறவை அல்லாதவற்றைத் தனியாக அடுக்குங்கள். லவர்ஸ், டெம்பரன்ஸ், ஜட்ஜ்மென்ட் மூன்றிலும் இருப்பவர்கள் வானதூதர்கள். டெவிலுக்கு இருப்பது வௌவால் சிறகு. டூ ஆஃப் கப்ஸில் இருப்பது சிறகு முளைத்த சிங்கத் தலை. வாள் ராணி, ராஜாவின் சிம்மாசனத்தில் இருப்பது பட்டாம்பூச்சி. இறகு மட்டும் வருகிற சீட்டுகளும் உண்டு: ஃபூல், டெத், சன் மூன்றிலும் தலையில் சிவப்பு இறகு. அந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது சுவாரசியமான வேலைதான், ஆனால் அது வேறு பாடம்.

ஒவ்வொரு பறவையிடமும் ஐந்து கேள்வி

நோட்டில் சீட்டுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, இந்த வரிசையிலேயே எழுதுங்கள்.

1. எங்கே இருக்கிறது? வானம், மரம், கை, மூலை.
2. என்ன செய்கிறது? இறங்குகிறதா, சுற்றுகிறதா, சும்மா உட்கார்ந்திருக்கிறதா?
3. கட்டுண்டதா, சுதந்திரமாக இருக்கிறதா?
4. எத்தனை?
5. படத்தில் இருக்கும் மனிதர் அதைப் பார்க்கிறாரா?

என்ன பறவை என்ற கேள்வி இதில் இல்லை, வேண்டுமென்றே விட்டதுதான். அதை ஆறாவதாகக் கேளுங்கள். முதலில் கேட்டால் மற்ற ஐந்துக்கும் கண் போகாது. ‘புறாவா, சரி, சமாதானம்’ என்று மனசு கதவைச் சாத்திவிடும்.

புறா: ஏஸ் ஆஃப் கப்ஸ்

மேகத்திலிருந்து நீளும் கை ஒரு கிண்ணத்தை ஏந்துகிறது. புறா தலைகீழாக, நேர் செங்குத்தாக இறங்குகிறது. அலகில் வட்டமான வெள்ளை அப்பம், அதில் சிலுவைக் குறி. பாம்பனிலோ தங்கச்சிமடத்திலோ ஞாயிறு பூசைக்குப் போகிறவருக்கு இதை விளக்கவே வேண்டாம். நற்கருணை அப்பம், புறா வடிவில் பரிசுத்த ஆவி. சிலுவைக் குறியிட்ட நற்கருணை அப்பம் என்று வெயிட்டும் தம் விளக்கத்தில் சொல்கிறார்.

இங்கே முக்கியமான சொல் ‘இறங்குகிறது’. இந்தப் புறா பறந்து போகவில்லை, எதையோ கொண்டுவந்து போடுகிறது. ஆகவே இந்தச் சீட்டில் அன்பு கேட்டு வாங்குவதல்ல, வந்து விழுவது. கேட்பவர் செய்ய வேண்டியது கிண்ணத்தை ஏந்துவது மட்டும்.

ஊர்க் கணக்கில் புறாவுக்கு வேறொரு பொருள் உண்டு, அது நம் கரைக்கே சொந்தமானது. தனுஷ்கோடிப் பாதையில் இருக்கும் கோதண்டராமர் கோயில் விபீஷண சரணாகதி நடந்த இடம் என்பது ஐதீகம். வந்தவனைச் சேர்க்கலாமா என்ற பேச்சு எழுந்தபோது, தன் துணையைப் பறித்த வேடனுக்கே இடம் கொடுத்த புறாவின் கதையை ராமன் எடுத்துச் சொல்வதாக வால்மீகி எழுதுகிறார். சிபி கதையும் இதே பக்கம்தான். ஆக, இங்கே புறா என்றால் அடைக்கலம். அது படத்தோடு முரண்படவில்லை, கூடுதலாக ஒரு அடுக்கைத் தருகிறது. இப்படிப் பொருந்துகிற இடத்தில் இரண்டு கணக்கையும் சேர்த்துச் சொல்லலாம்.

கழுகு: வீல் ஆஃப் ஃபார்ச்சூன், வேர்ல்டு

இரண்டிலும் மேல் வலது மூலை. மற்ற மூலைகளில் மனித முகம், சிங்கம், காளை. பைபிளில் எசேக்கியேல் கண்ட நான்கு உயிர்கள் இவை. பிற்காலத்தில் நான்கு நற்செய்தியாளர்களுக்கும் நான்கு ஸ்திர ராசிகளுக்கும் இவற்றைப் பொருத்தினார்கள்: காளை ரிஷபம், சிங்கம் சிம்மம், மனிதன் கும்பம், கழுகு விருச்சிகம்.

பழகியவர்களும் தவறுவது இங்கேதான். பறக்கிறது என்பதால் கழுகைக் காற்றோடு சேர்த்துவிடுவார்கள். விருச்சிகம் நீர் ராசி, ஆகவே இந்தக் கழுகு நீர். காற்றுக்கு உரியது மனித முகம். உள்நாட்டுக்காரருக்கு இது மனப்பாடம் செய்ய வேண்டிய விஷயம். நமக்கு அப்படியில்லை. மண்டபம் பக்கம் வெள்ளை வயிற்றுக் கடற்கழுகு சிறகை மடக்கித் தண்ணீரில் நகம் பதித்து மீனோடு எழும்புவதை ஒருமுறை பார்த்தவருக்குக் கழுகு ஏன் நீர் என்று கேட்கத் தோன்றாது.

இரண்டு சீட்டையும் அருகருகே வையுங்கள். வீலில் கழுகுக்கு முழு உடலும் சிறகும் உண்டு, முன்னால் திறந்த புத்தகம். வேர்ல்டில் தலை மட்டும், புத்தகம் இல்லை. படித்துக்கொண்டிருக்கிற காலம் ஒன்று, படித்து முடித்த காலம் இன்னொன்று. ஒரே ஸ்ப்ரெட்டில் (ஒரு கேள்விக்குப் பரப்பும் சீட்டு வரிசையில்) இரண்டும் விழுந்தால் எது முன்னால் வந்தது என்று பாருங்கள்.

சொல்லும்போது வார்த்தையில் கவனம் வேண்டும். நம் பேச்சில் ‘கழுகு’ என்றால் பாதிப் பேருக்குப் பிணந்தின்னிதான் கண்முன் வரும். ‘கருடன்’ என்றால் பெருமாள் வாகனம், கும்பாபிஷேகத்தில் வட்டமிடும் செம்பருந்து. ‘பருந்து’ என்றால் கோழிக்குஞ்சைத் தூக்குவது. உச்சிப்புளிக் கடற்படை விமானதளத்துக்கும் அதுதான் பெயர். மூன்றும் மூன்று உணர்ச்சி. ‘கடலில் மீன் பிடிக்கிற கழுகு’ என்று நீட்டிச் சொல்லிவிடுவது நல்லது.

வல்லூறு: நைன் ஆஃப் பென்டக்கிள்ஸ்

ஒன்பது சீட்டில் மிக ஆழமானது இது என்பது எங்கள் கணிப்பு, அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். கொடித் தோட்டத்தில் ஒரு பெண் தனியாக நிற்கிறாள். திராட்சை குலை குலையாகத் தொங்குகிறது. கையுறை போட்ட இடது கையில் ஒரு பறவை. லென்ஸை அதன் தலைமேல் வையுங்கள். தலையில் சிவப்புக் குல்லாய், கண் மூடியிருக்கிறது. அப்புறம் கண்ணைக் கீழே தரைக்கு இறக்குங்கள், அங்கே ஒரு நத்தை.

துபாய், அபுதாபியில் வேலை பார்த்துத் திரும்பிய கீழக்கரைக்காரரிடம் இந்தப் படத்தைக் காட்டினால் நொடியில் சொல்லிவிடுவார், அரபிகள் கையில் வைத்திருக்கும் வேட்டை வல்லூறு என்று. கண்ணை மூடுவது தண்டனைக்காக அல்ல. கண்ணில் எதுவும் படாவிட்டால் பறவை பதறாது, சிறகடித்துத் தன்னையே காயப்படுத்திக்கொள்ளாது. வேட்டை நேரத்தில் குல்லாயைக் கழற்றுவார்கள், அந்த நொடியே அது அம்பு. கையுறை எதற்கு? பழகிய பறவையானாலும் நகம் நகம்தான்.

இதிலிருந்து மூன்று பொருள் எடுக்கலாம், எது என்பதைக் கேள்விதான் முடிவு செய்யும். சொத்து, வருமானம் பற்றிய கேள்வியானால் இது பழக்கப்படுத்திய ஆசை: உடனே செலவழிக்கத் துடிக்கும் மனசைக் கட்டி வைத்ததால் வந்த வளம். நத்தை அதை ஆமோதிக்கிறது. உறவு பற்றிய கேள்வியானால் கையுறையைப் பாருங்கள், நெருக்கம் இருக்கிறது, காப்பும் இருக்கிறது. வேலை, இடமாற்றம் பற்றியதானால் குல்லாயைப் பாருங்கள்: திறமை இருக்கிறது, எப்போது பறப்பது என்பதை இன்னொருவர் முடிவு செய்கிறார். மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடாதீர்கள். கேட்பவர் தனக்குப் பிடித்ததைப் பொறுக்கிக்கொண்டு போய்விடுவார், ரீடிங்கில் ஒன்றும் மிஞ்சாது.

ஸ்டார் சீட்டில் மரத்துப் பறவை

இரண்டு குடத்திலிருந்தும் தண்ணீர் ஊற்றும் பெண்ணுக்குப் பின்னால், வலப்பக்க மேட்டில் ஒரு மரம், அதன் உச்சியில் ஒரு பறவை. எழுத்தையும் ஞானத்தையும் காக்கும் எகிப்தியத் தெய்வமான தோத்தின் பறவை, ஐபிஸ் என்று பலரும் எழுதுகிறார்கள். வெயிட்டின் விளக்கத்தில் அது வெறும் ‘பறவை’ மட்டுமே. ஆகவே ஐபிஸ் என்பது வாசிப்பு மரபு, அதை அப்படியே சொல்லிக்கொள்வது நேர்மை.

ஐபிஸ் எப்படி இருக்கும் என்று படம் தேட வேண்டாம். சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல், சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் என்று மாவட்டத்துக் கண்மாய்ச் சரணாலயங்களில் வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு இறங்கும் வெள்ளை அரிவாள்மூக்கன், எகிப்தியப் பறவையின் நெருங்கிய உறவு. அது இரை தேடுவதைப் பத்து நிமிடம் பாருங்கள். வளைந்த அலகைச் சேற்றுக்குள் விட்டு, கண்ணால் பார்க்காமல் துழாவியே எடுக்கும். தெரியாததைத் தடவிக் கண்டுபிடிக்கிற அறிவு என்பதற்கு இதைவிட நல்ல படம் கிடையாது.

ஒரு எச்சரிக்கை. சங்கப் பாட்டின் அன்றில் அரிவாள்மூக்கன் இனம்தான் என்று சொல்கிறவர்கள் உண்டு. இலக்கியம் படித்தவர் ‘ஓ, அன்றிலா’ என்று ஆரம்பித்தால் சீட்டுக்குள் நெய்தல் பிரிவுத் துயரம் முழுதும் வந்து ஏறிக்கொள்ளும். ஸ்டார் ஆறுதல் சீட்டு. அன்றிலை வாசலிலேயே நிறுத்துங்கள்.

வாள் வகையில் வானத்துப் பறவைகள்

இங்கே இனம் தேடுவது வீண் வேலை. பேனாக் கீறல்தான், பறவை என்ற குறிப்பு மட்டும். எண்ணிக்கையைப் பாருங்கள். பேஜ் தலைக்கு மேலே ஒரு கூட்டம், ராணிக்கு மேலே ஒன்றே ஒன்று, ராஜாவுக்குப் பின்னால் இரண்டு. வாள் என்பது காற்று, காற்று என்பது எண்ணமும் பேச்சும். சிறுவனுக்கு நினைப்பு கூட்டமாகச் சிதறுகிறது. ராணி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டிவிட்டாள். தீர்ப்புச் சொல்லும் ராஜா இரு பக்கத்தையும் கேட்கிறான். நைட் சீட்டில் குதிரைச் சேணத்தையும் பாருங்கள், அங்கேயும் பறவையும் பட்டாம்பூச்சியும் உண்டு.

பேஜ் சீட்டுக்குக் கடற்கரையில் ஒரு சுலபமான திறவுகோல் இருக்கிறது. ஆலாக் கூட்டம் ஓரிடத்தில் சுற்றிச் சுற்றி விழுந்தால் அடியில் மீன் இருக்கிறது என்று வள்ளத்தைத் திருப்புவார்கள். சுற்றிக்கொண்டே இருந்து இறங்காவிட்டால் திருப்ப மாட்டார்கள். பேஜ் சீட்டின் பறவைகள் இறங்கவில்லை. செய்தி நிறைய, உறுதியானது எதுவும் இன்னும் கையில் இல்லை.

ஊர்க் கணக்கை எப்போது திறப்பது

கேட்க வந்தவர் தானாக வாயைத் திறந்தால் மட்டும். அக்னி தீர்த்தத்தில் அப்பாவுக்குத் திதி கொடுத்துவிட்டு வந்த ஒருவர் ஸ்டார் சீட்டைப் பார்த்து, ‘அது காக்காதானே?’ என்று கேட்கலாம். ‘இல்லை, ஐபிஸ்’ என்று திருத்தினால் அந்த ரீடிங் அங்கேயே முடிந்தது. ‘ஆமாம், அப்பாதான் வந்திருக்கிறார்’ என்றால் அது அதைவிட மோசம், நீங்கள் அறியாததைச் சொல்கிறீர்கள். இப்படிக் கேளுங்கள்: “படத்துல நாரை மாதிரி ஒரு பறவைன்னு சொல்லுவாங்கக்கா. உங்களுக்கு ஏன் காக்கான்னு தோணுச்சு?” அதற்கு அவர் சொல்லும் பதில்தான் ரீடிங்.

பஞ்சபட்சி தெரிந்தவர்கள் இன்னொரு குழப்பத்தில் மாட்டுவார்கள். வல்லூறு, ஆந்தை, காகம், கோழி, மயில் என்ற ஐந்தும் நேரக் கணக்குக்கான பெயர்கள். பகல் ஐந்து பங்கு, ஒவ்வொன்றும் ஆறு நாழிகை, அதாவது 2 மணி 24 நிமிடம். அதில் ஊண், நடை, அரசு, துயில், சாவு என்று தொழில் மாறும். நைன் ஆஃப் பென்டக்கிள்ஸில் வல்லூறு வந்ததும் ‘உங்கள் பட்சி இப்போது துயிலில்’ என்று ஆரம்பித்தால் இரண்டு சாஸ்திரமும் கெட்டது.

தலைகீழாக விழுந்தால்

‘எதிர்மறை’ என்று உடனே எழுதாதீர்கள். சீட்டைத் திருப்பியபடியே வைத்துப் பறவையின் அசைவை மறுபடி பாருங்கள். ஏஸ் ஆஃப் கப்ஸில் இறங்கிய புறா இப்போது அப்பத்தோடு மேலே போகிறது, கிண்ணம் கவிழ்ந்திருக்கிறது. கொடுக்க வந்தது திரும்பிப் போகிறது. நைன் ஆஃப் பென்டக்கிள்ஸில் கண் மூடிய பறவை தலைகீழாகத் தொங்குகிறது, பழக்கிய கைக்கே பாரம். வாள் சீட்டுகளில் வானம் அடியில் வந்துவிடுவதால் பறவைகள் காலுக்குக் கீழே. எண்ணங்கள் மேலெழாமல் தரையிலேயே புரள்கின்றன.

மூன்று சீட்டில் ஒரு முழு வாசிப்பு

கேள்வி: தொண்டிப் பக்கத்து அக்கா ஒருவர், கணவர் வளைகுடாவில். ‘அவுக வந்து இங்கயே கடை போடலாமா?’ இப்போதைய நிலை, தடை, வழி என்ற மூன்று இடத்தில் விழுந்தவை நைன் ஆஃப் பென்டக்கிள்ஸ், பேஜ் ஆஃப் ஸ்வார்ட்ஸ், ஸ்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பறவைகளை மட்டும் வரிசையாகப் படியுங்கள்: கையில் கட்டுண்ட ஒன்று, வானத்தில் அலையும் கூட்டம், மரத்தில் உட்கார்ந்த ஒன்று. கட்டு, அலைச்சல், அமர்வு. எலும்புக்கூடு கிடைத்துவிட்டது. இனி சதை. வருமானம் உண்மையானது, ஆனால் எப்போது கிளம்புவது என்பது முதலாளி கையில் இருக்கும் குல்லாய். தடை பணமல்ல, ஆளாளுக்குச் சொல்லும் யோசனை. கூட்டம் சுற்றுகிறது, இறங்கவில்லை. வழிச் சீட்டில் பெண் ஒரு குடத்தை நீரிலும் இன்னொன்றை நிலத்திலும் ஊற்றுகிறாள். அங்கே சம்பளம் ஓடும்போதே இங்கே கொஞ்சம் ஊற்றிப் பார்ப்பது, சிறிய அளவில் ஆரம்பித்து வேர் பிடிக்கிறதா என்று துழாவுவது. ‘வரலாம்’, ‘வரவேண்டாம்’ இரண்டையும் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். அதைச் சொல்லச் சீட்டில் ஆதாரம் இல்லை.

வேறு கட்டுக்குப் போகும்போது

மார்செய் என்ற பழைய பிரெஞ்சுக் கட்டில் பெரிய சீட்டான எம்ப்ரஸ், எம்பரர் இருவரின் கேடயத்திலும் கழுகு உண்டு. அது அரசாங்க முத்திரை, ராசிக் கழுகு அல்ல. அங்கே ஸ்டார் சீட்டுப் பறவை பல பதிப்புகளில் கறுப்பாக இருக்கும். மரக்கட்டை அச்சில் சின்ன உருவம் அப்படித்தான் விழும், காகம் என்று முடிவு கட்ட வேண்டாம்.

குரோலி திட்டமிட்டு ஃப்ரீடா ஹாரிஸ் வரைந்த தோத் கட்டில் எம்ப்ரஸ் காலடியில் குஞ்சுகளோடு ஒரு கூழைக்கடா. தன் மார்பைக் குத்தி ரத்தத்தால் குஞ்சை வளர்க்கும் என்பது ஐரோப்பிய நம்பிக்கை. மேலச்செல்வனூர்க் கண்மாயில் கருவேல மரக் கூட்டைப் பைனாகுலரில் பார்த்தால் குஞ்சு தாயின் தொண்டைக்குள் தலையையே நுழைத்து மீனை எடுப்பது தெரியும். ரத்தம் எதுவும் இல்லை. இருந்தாலும் தூரத்திலிருந்து பார்த்த ஒருவனுக்கு ஏன் அப்படித் தோன்றியிருக்கும் என்பது புரிந்துவிடும்.

கடைசியாக, ‘நாளைக்குக் கடலுக்குப் போகலாமா?’ என்று யாராவது கேட்டால் எந்தப் பறவை விழுந்தாலும் சீட்டை மூடிவிடுங்கள். பாம்பன் துறைமுகத்தில் எத்தனாம் எண் புயல் கூண்டு ஏறியிருக்கிறது என்று பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள்.